வரைபடத்தில் 340 கிலோமீட்டர், வாசலுக்கு வாசல் 8 மணி நேரம்: சேலம் – தூத்துக்குடி விமானக் கணக்கு

இரவு 9 மணிக்கு போன் வருகிறது. தூத்துக்குடியில் பெரியம்மா தவறிட்டாங்க. நாளைக்கு மதியம் 3 மணிக்கு எடுக்கிறாங்க. நீங்கள் இருப்பது சேலத்தில். கூடவே வயதான அம்மா. "அக்கா முகத்தை ஒரு தடவை பாத்துடணும்ப்பா" என்கிறார்.

பதற்றத்தோடு போனை எடுத்து 'சேலம் தூத்துக்குடி விமானம்' என்று தேடுகிறீர்கள். முதலில் வரும் பதிலே ஆறுதலாக இருக்கிறது. தூரம் 340 கிலோமீட்டர், விமான நேரம் 55 நிமிடம். "காலையில பிளைட்ல போயிடலாம்மா, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிடுகிறீர்கள்.

அந்த 55 நிமிடத்தை நம்பினால் அம்மா தன் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போகலாம். ஏன்னா சேலத்திலிருந்து தூத்துக்குடிக்கு நேரடி விமானமே இல்லை. அப்படியானால் போன் பொய் சொன்னதா? இல்லை. நீங்கள் கேட்டது ஒன்று, அது சொன்னது வேறொன்று.

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே மூன்று விதமான கணக்குகள் உண்டு: வானத் தூரம், டிக்கெட் நேரம், வாசலுக்கு வாசல் நேரம். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க இந்தக் கட்டுரையில் கற்றுக்கொள்வோம். கையில் போன் இருந்தால் போதும்.

பாடம் 1: வானத் தூரம்

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் பூமியின் மேல் ஒரு முகவரி உண்டு. அதுதான் அட்சரேகை, தீர்க்கரேகை. பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் இருக்கும். சேலம் விமான நிலையம் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில், ஏறக்குறைய 11.78 டிகிரி வடக்கு, 78.07 டிகிரி கிழக்கில் இருக்கிறது. தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்தில், ஏறக்குறைய 8.72 டிகிரி வடக்கு, 78.03 டிகிரி கிழக்கில் இருக்கிறது.

இரண்டாவது எண்களைப் பாருங்கள். 78.07, 78.03. கிட்டத்தட்ட ஒன்றேதான். அதாவது சேலத்துக்கு நேர் தெற்கே, நூல் பிடித்த மாதிரி தூத்துக்குடி இருக்கிறது. அதனால் இந்தக் கணக்கை நாமே மனதில் போட்டுவிடலாம்.

அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது சுமார் 111 கிலோமீட்டர். இரண்டு ஊருக்கும் வித்தியாசம் 11.78 கழித்தல் 8.72, அதாவது 3.06 டிகிரி. அதை 111 ஆல் பெருக்கினால் 340 கிலோமீட்டர். இணையத்தில் வந்த அதே எண்!

விமானிகள் இதைக் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு நாட்டிக்கல் மைல்தான். ஒரு டிகிரியில் 60 நாட்டிக்கல் மைல். ஒரு நாட்டிக்கல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். இந்தக் கணக்கில் சேலம் – தூத்துக்குடி சுமார் 184 நாட்டிக்கல் மைல்.

செய்து பாருங்கள்: கூகுள் மேப்ஸைத் திறந்து, சேலம் விமான நிலைய ஓடுபாதையின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள். ஒரு சிவப்புக் குறி விழும். கீழே வரும் பட்டியலில் 'தூரத்தை அளவிடு' என்பதைத் தொடுங்கள். இப்போது வரைபடத்தை நகர்த்தி வாகைக்குளம் ஓடுபாதைக்குக் கொண்டு போங்கள். நேர்கோட்டுத் தூரம் திரையில் தெரியும். எந்த இரண்டு ஊருக்கும் இப்படி அளக்கலாம்.

இந்த அளவில் இரண்டு எச்சரிக்கைகள்.

ஒன்று, பெயர்க் குழப்பம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலும் சேலம் என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கேயும் விமான நிலையம் இருக்கிறது. தேடும்போது மூன்றெழுத்துக் குறியீட்டைச் சரிபாருங்கள். நம்ம சேலத்துக்கு எஸ்எக்ஸ்வி, தூத்துக்குடிக்கு டிசிஆர், சென்னைக்கு எம்ஏஏ. பல டிக்கெட் செயலிகளில் தூத்துக்குடி என்று தேடினால் வராது, 'டூட்டிகோரின்' என்ற பழைய பெயரில் இருக்கும்.

இரண்டு, இது நேர்கோடு மட்டுமே. அந்தக் கோட்டில் விமானம் பறக்கிறதா என்று இந்த எண்ணுக்குத் தெரியாது. இரண்டு புள்ளிகளைக் கொடுத்தால் இடையில் உள்ள தூரத்தைச் சொல்லும், அவ்வளவுதான்.

பாடம் 2: அந்த 55 நிமிடம் எங்கிருந்து வந்தது?

தூரம் சொல்லும் பல தளங்கள் ஒரு பொதுவான சூத்திரத்தை வைத்திருக்கின்றன. ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும் என்று எடுத்துக்கொள்கின்றன. 340 கிலோமீட்டருக்கு 25 நிமிடம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஓர் அரை மணி நேரம். கூட்டினால் 55 நிமிடம். விமானம் ஓடுகிறதோ இல்லையோ, பதில் மட்டும் வந்துவிடும்.

உண்மையில் ஓடும் விமானங்களை வைத்துப் பார்ப்போம். சேலம், தூத்துக்குடி இரண்டும் சென்னையோடு இணைந்த நிலையங்கள். சேலம் – சென்னை வானத் தூரம் சுமார் 265 கிலோமீட்டர். தூத்துக்குடி – சென்னை சுமார் 530 கிலோமீட்டர். சரியாக இரண்டு மடங்கு. அப்போ நேரமும் இரண்டு மடங்கா?

இல்லை. இந்த வழிகளில் பெரும்பாலும் பறப்பது புரொப்பல்லர் வைத்த ஏடிஆர் 72 ரக விமானம். அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 265 கிலோமீட்டரைக் கடக்க 32 நிமிடம் போதும். ஆனால் டிக்கெட்டில் சுமார் ஒரு மணி நேரம் போட்டிருப்பார்கள். 530 கிலோமீட்டருக்கு 64 நிமிடம் போதும். டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி இருக்கும்.

இரண்டிலும் கூடுதலாக இருப்பது ஏறக்குறைய அதே அரை மணி நேரம்தான். விமானம் நிற்கும் இடத்திலிருந்து ஓடுபாதை வரை ஊர்ந்து போக வேண்டும். முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருக்க வேண்டும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. காற்று அடிக்கும் திசைக்கு ஏற்ப ஓடுபாதையின் எந்த முனையில் இறங்குவது என்று முடிவாகும். அதற்காகச் சுற்றி வர வேண்டியிருக்கும். இந்தச் செலவு கிட்டப் போனாலும் உண்டு, எட்டப் போனாலும் உண்டு. அதனால்தான் குறைந்த தூர விமானப் பயணத்தில் வேகத்தின் பலன் குறைவு.

விமானம் நிற்கும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்துப் புறப்படுவது முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைப்பது வரை உள்ள நேரத்துக்கு 'பிளாக் டைம்' என்று பெயர். டிக்கெட்டில் அச்சாகும் புறப்பாடு, வருகை நேரங்கள் இந்தக் கணக்கில்தான். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பாடம் 4இல் பணத்தோடு திரும்பி வரும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. தூத்துக்குடியின் ஓடுபாதை முன்பு 1,350 மீட்டர்தான். அதனால் ஏடிஆர் போன்ற சிறிய விமானங்களே அங்கே இறங்கின. இப்போது அது 3,115 மீட்டராக நீட்டிக்கப்பட்டிருக்கிறது. புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. பெரிய ஜெட் விமானங்களும் இறங்கலாம். சென்னையிலிருந்து ஜெட் வந்தால் எவ்வளவு நேரம் மிச்சம்? மணிக்கு 800 கிலோமீட்டரில் 530 கிலோமீட்டருக்கு 40 நிமிடம், கூட அந்த அரை மணி நேரம். மொத்தம் 70 நிமிடம். மிச்சமாவது சுமார் 20 நிமிடம்தான். ஓடுபாதை நீண்டதன் பெரிய பலன் வேகத்தில் இல்லை. கூடுதல் இருக்கைகளும் கூடுதல் ஊர்களும் கிடைக்க வாய்ப்பு வந்திருக்கிறதே, அதுதான்.

பாடம் 3: வாசலுக்கு வாசல்

இதுதான் உங்கள் திட்டத்தை முடிவு செய்யும் எண். சேலம் வீட்டு வாசலிலிருந்து தூத்துக்குடி வீட்டு வாசல் வரை, சென்னை வழியாக விமானத்தில் போவதாக எழுதிப் பார்ப்போம்.

- வீட்டிலிருந்து காமலாபுரம் போக: 45 நிமிடம்
- புறப்பாட்டுக்கு முன் நிலையத்தில் இருக்க வேண்டிய நேரம்: 1 மணி 30 நிமிடம்
- சேலம் – சென்னை விமானம்: 1 மணி
- சென்னையில் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பு: 2 மணி 30 நிமிடம் என்று வைப்போம்
- சென்னை – தூத்துக்குடி விமானம்: 1 மணி 30 நிமிடம்
- பெட்டி எடுத்து வெளியே வர: 20 நிமிடம்
- வாகைக்குளத்திலிருந்து ஊருக்குள் போக: 30 நிமிடம்

கூட்டுங்கள். 8 மணி 5 நிமிடம். வானத்தில் பறப்பது 795 கிலோமீட்டர். நேர் தெற்கே இருக்கும் ஊருக்கு, வடகிழக்கே போய் மீண்டும் தென்மேற்கே திரும்பி வருகிறோம்.

காரில் போனால்? நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, அங்கிருந்து அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி. சுமார் 380 கிலோமீட்டர். நடுவில் டீ, சாப்பாட்டுக்கு நிறுத்தினாலும் ஏழு மணி நேரத்தை ஒட்டி முடிந்துவிடும். ரயிலில் போக நினைத்தால், மைசூரு – தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் சேலம் வழியாகத்தான் போகிறது. நேரத்தையும் இடம் இருக்கிறதா என்பதையும் ரயில்வே செயலியில் பார்த்துவிடலாம்.

ஆக, இந்தப் பயணத்தில் விமானத்தைவிடக் கார் முந்துகிறது. சென்னையில் காத்திருப்பு நேரம் கூடினால் இடைவெளி இன்னும் பெரிதாகும்.

அதுக்காக விமானமே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இதே கணக்கைச் சென்னை – தூத்துக்குடிக்குப் போடுங்கள். வீட்டிலிருந்து மீனம்பாக்கம் 1 மணி, நிலையத்தில் 1 மணி 30 நிமிடம், விமானம் 1 மணி 30 நிமிடம், வெளியே வர 20 நிமிடம், ஊருக்குள் 30 நிமிடம். மொத்தம் 4 மணி 50 நிமிடம். சாலையில் சுமார் 600 கிலோமீட்டர், பத்து மணி நேரம். இங்கே விமானம் பாதி நேரத்தை மிச்சம் பிடிக்கிறது. அவசரத்துக்கு இதுதான் சரி. அவசரம் இல்லை என்றால் முத்துநகர் எக்ஸ்பிரஸில் இரவு ஏறிப் படுத்தால் காலையில் ஊர்.

சேலம் – சென்னை? விமானத்தில் வாசலுக்கு வாசல் 45 நிமிடம், 1 மணி 30 நிமிடம், 1 மணி, 20 நிமிடம், கடைசியில் சென்னைக்குள் போக 45 நிமிடம். மொத்தம் 4 மணி 20 நிமிடம். கோவை – சென்னை வந்தே பாரத் ரயில் சேலத்தில் நிற்கிறது. அங்கிருந்து நான்கு மணி நேரத்துக்குள் சென்னை சென்ட்ரல். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் போகும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட சமம். அன்றைக்கு எது உங்கள் நேரத்துக்குப் பொருந்துகிறதோ, எது விலை குறைவோ, அதை எடுங்கள்.

ஒரே மாநிலம், மூன்று வழிகள், மூன்று வேறு முடிவுகள். "பிளைட்னா சீக்கிரம்" என்ற பொது விதி இதில் எங்கும் இல்லை பாருங்க.

பாடம் 4: டிக்கெட் நேரமும் உங்கள் உரிமையும்

பிளாக் டைம் என்று பார்த்தோமே, அது விமான நிறுவனத்தின் உள்கணக்கு மட்டும் அல்ல. விமானம் தாமதமானாலோ ரத்தானாலோ உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதை அந்த எண்தான் முடிவு செய்கிறது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ வகுத்துள்ள விதி இது.

தாமதம்: பிளாக் டைம் இரண்டரை மணி நேரம் வரை உள்ள விமானம் 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், காத்திருக்கும் பயணிகளுக்கு உணவும் சிற்றுண்டியும் நிறுவனம் தர வேண்டும். தமிழ்நாட்டுக்குள் பறக்கும் எல்லா விமானமும் இதில் அடங்கும். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால், வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ரத்து: முன்கூட்டியே தகவல் சொல்லாமல் ரத்து செய்தால், டிக்கெட் பணத்தோடு இழப்பீடும் தர வேண்டும். பிளாக் டைம் ஒரு மணி நேரம் வரை என்றால் ரூ.5,000, ஒரு மணிக்கு மேல் இரண்டு மணி வரை என்றால் ரூ.7,500, இரண்டு மணிக்கு மேல் என்றால் ரூ.10,000. அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது கிடைக்கும். சேலம் – சென்னை டிக்கெட்டில் 60 நிமிடம் என்று இருந்தால் முதல் வகை, 65 நிமிடம் என்று இருந்தால் இரண்டாவது வகை. ஐந்து நிமிடத்துக்கு இருக்கும் மதிப்பைப் பாருங்கள்!

விதிவிலக்கு: மோசமான வானிலை, பாதுகாப்புக் காரணம் போன்ற நிறுவனத்தின் கையை மீறிய சூழலில் இழப்பீடு கிடையாது. வடகிழக்குப் பருவமழை மாதங்களிலும், போகி அன்று காலைப் புகையிலும் சென்னையில் விமானங்கள் தாமதமாவது உண்டு. அந்த நாட்களில் இணைப்பு விமானத்துக்குக் கூடுதல் இடைவெளி விடுங்கள். டிக்கெட் எடுக்கும்போது உங்கள் சொந்த போன் எண்ணைக் கொடுப்பதும் முக்கியம். தொடர்பு எண் தராதவர்களுக்கு இழப்பீடு தர வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை.

இணைப்பு விமானம்: இரண்டு விமானம் மாறிப் போவதாக இருந்தால், இரண்டையும் ஒரே டிக்கெட்டில், ஒரே பிஎன்ஆர் எண்ணில் எடுங்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், அடுத்த ஏற்பாட்டைச் செய்வது நிறுவனத்தின் பொறுப்பாகும். விலை குறைவு என்று தனித்தனியாக எடுத்தால், இரண்டாவது விமானத்தைப் பொறுத்தவரை நீங்கள் 'வராத பயணி'. அந்தப் பணமும் போகும். சென்னையில் பெட்டியை எடுத்து, மறுபடி கவுண்ட்டரில் போட்டு, மறுபடி சோதனைக்கு நிற்க வேண்டும். சென்னையில் உள்நாட்டு விமானங்கள் டெர்மினல் 1, டெர்மினல் 4 இரண்டிலிருந்தும் புறப்படுகின்றன. டிக்கெட்டில் எது என்று முதலிலேயே பாருங்கள்.

புகார் இருந்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கொடுங்கள். தீர்வு வரவில்லை என்றால் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'ஏர்சேவா' செயலியில் பதிவு செய்யலாம். டிக்கெட், போர்டிங் பாஸ், நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்தி ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருங்கள். அதுதான் உங்கள் சாட்சி.

டிக்கெட் பட்டனை அழுத்தும் முன் ஐந்து கேள்விகள்

1. நேரடி விமானம் இருக்கிறதா? தூரம் சொல்லும் தளத்தில் பார்க்க வேண்டாம். விமான நிறுவனத்தின் தளத்தில், நீங்கள் போகும் தேதியைப் போட்டுப் பாருங்கள். கால அட்டவணை கோடைக்கும் குளிர்காலத்துக்கும் மாறும். சில விமானங்கள் எல்லா நாளும் இருக்காது.
2. வாசலுக்கு வாசல் எத்தனை மணி நேரம்? மேலே உள்ள பட்டியலை உங்கள் ஊருக்கு மாற்றி எழுதுங்கள்.
3. கவுண்ட்டர் எப்போது மூடுகிறார்கள்? பெரும்பாலும் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். ஒரு நிமிடம் தாமதமானாலும் திருப்பி அனுப்புவார்கள். வீட்டிலேயே வெப் செக்இன் செய்துவிடுங்கள்.
4. அடையாள அட்டை தயாரா? கார்டை மறந்துவிட்டால் எம்ஆதார் செயலியில் உள்ள ஆதாரைக் காட்டலாம். வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். நுழைவாயிலில் போய் ஓடிபிக்காகத் தவிக்க வேண்டாம்.
5. இந்த விமானம் ரத்தானால் என்ன செய்வீர்கள்? அதற்குப் பிறகு காரிலோ ரயிலிலோ போய்ச் சேர நேரம் இருக்கிறதா? இல்லை என்றால், அந்தத் திட்டத்தை நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள்.

இப்போ அந்த இரவு 9 மணிக்குத் திரும்புவோம். அம்மா காத்திருக்கிறார். கையில் இருப்பது 18 மணி நேரம். காலை விமானத்துக்குக் காத்திருந்தால், சேலத்தில் அது எத்தனை மணிக்குப் புறப்படுகிறதோ, அதற்கு மேல் சென்னை, அதற்கு மேல் இன்னொரு விமானம். ஒன்று பிசகினாலும் 3 மணி தாண்டிவிடும்.

விடிகாலை 4 மணிக்கு, தூங்கி எழுந்த ஓட்டுநரோடு காரில் கிளம்பினால் 11 மணிக்கு வாசலில் நிற்கலாம். வழியில் ஒரு மணி நேரம் தடங்கல் வந்தாலும் நேரம் இருக்கிறது. துக்கத்தில் இருப்பவரே இரவெல்லாம் கண் விழித்து வண்டி ஓட்டுவது மட்டும் வேண்டாம்.

"பிளைட் வேண்டாம்மா, கார்ல போயிடலாம். பதினோரு மணிக்கெல்லாம் பெரியம்மா பக்கத்துல இருப்பீங்க." இந்த முறை அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். இது நீங்களே கூட்டிப் பார்த்துச் சொல்லும் நேரம்.